டேக்டவுன் வில்லோட மர கிரிப்ப நம்ம கைக்கு ஏத்த மாதிரி சீவி, மறுபடி பாலிஷ் போடறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆசாரியும் இல்ல, வில்வித்தை கோச்சும் இல்ல. 62 இன்ச் மர ரைசர் வில்லு ஒண்ணு வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல அம்பு விடற ஆளு, அவ்வளவுதான். சாமிக் சேஜ்னு ஒரு கொரியன் வில்லு கேள்விப்பட்டிருப்பீங்க, புதுசா ஆரம்பிக்கறவங்க நெறைய பேர் கையில அதுவோ அதே அச்சுல வந்த வேற எதுவோதான் இருக்கும். நடுவுல ஒரு மரக்கட்டை, மேலயும் கீழயும் போல்ட் போட்டு மாட்டற ரெண்டு லிம்ப் (இழுத்தா வளையற தண்டு), இப்படிக் கழட்டி மாட்டலாம்ங்கறதாலதான் டேக்டவுன்னு பேரு. அந்த நடுக்கட்டைதான் ரைசர். போட்டிக்குப் போறவங்களோட மெட்டல் ரைசர்ல கிரிப் தனியா ஸ்க்ரூ போட்டு வரும், ஒத்துக்கலைன்னா கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். நம்ம மர ரைசர்ல கிரிப்பும் ரைசரும் ஒரே கட்டை, மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு பழகிக்கணும், இல்ல சீவணும்.

நான் ஒரு வருஷம் பழகிப் பாத்தேன். அம்பது அம்பு விட்டதும் கட்டைவிரல் அடிச் சதைல ஒரு இடத்துல மட்டும் வலி ஆரம்பிச்சிடும், அப்புறம் அந்த வலியத் தவிர்க்க கைய கொஞ்சம் திருப்பிப் பிடிப்பேன், திருப்பிப் பிடிச்சா அம்பு பக்கவாட்டுல போகும். அப்புறம்தான் அரத்த எடுத்தேன். இத எழுதறதுக்கு முக்கியக் காரணமே நான் முதல் தடவை கெடுத்து வச்சது, அந்தக் கதை நடுவுல வரும்.

சீவறதுக்கு முன்னாடி: குத்தம் கிரிப் மேலயா, நம்ம பிடி மேலயா?

இத பாக்காம யாரும் அரத்தத் தொடாதீங்க. வில்லுக்கை உள்ளங்கைய விரிச்சுப் பாருங்க, ஆயுள் ரேகை தெரியுதா? அந்த ரேகைக்கு கட்டைவிரல் பக்கம் இருக்கற சதை மேலதான் வில்லு உக்காரணும். ரேகையத் தாண்டி சுண்டுவிரல் பக்கம் போச்சுன்னா அந்தப் பக்கத்து சதை வில்லத் திருப்பும், நாண் விட்டதும் ரைசர் கையில சுழலும். விரல் கணு எலும்பெல்லாம் நேரா நிக்காம, சுமார் 45 டிகிரி சாய்வா இருக்கணும். அப்புறம் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பஸ் கம்பியப் பிடிக்கற மாதிரி பிடிச்சா எந்த கிரிப்பும் வலிக்கத்தான் செய்யும்.

பிடி சரியா இருந்தும் வலிக்குதுன்னா, பவுடர் டெஸ்ட் பண்ணுங்க. கையில டால்கம் பவுடர லேசா தடவிக்கிட்டு, வில்ல நாண் ஏத்தி, அம்பு மாட்டி டார்கெட்டப் பாத்து இழுத்து, எப்பவும் நிறுத்தற இடத்துல ரெண்டு விநாடி நிறுத்திட்டு மெதுவா இறக்குங்க (அம்பு இல்லாம நாண விட்றாதீங்க, லிம்ப் ஒடையும்). கைய எடுத்துட்டு கிரிப்பப் பாருங்க. நல்ல கிரிப்ல வெள்ளை ஒரே சீரா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற வளைவுல இருந்து கீழ நீளமா பதிஞ்சிருக்கும். என்னோடதுல ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரே ஒரு திட்டு, கட்டைவிரல் பக்கம். மொத்த பாரமும் அந்த ஒரு ரூபா மேல. அந்தத் திட்டத்தான் சீவணும், மத்த இடத்துல மரம் சும்மாதான் இருக்கு, அத ஏன் தொல்லை பண்ணணும்.

இன்னொரு விஷயம். கை சின்னதா இல்லாம பெருசா இருந்து, கிரிப் ஒல்லியா இருக்கறதுதான் பிரச்சனைன்னா சீவவே வேணாம். டென்னிஸ் ராக்கெட் கிரிப் டேப் ரெண்டு சுத்து சுத்துங்க, இல்ல எம்-சீல் பிசைஞ்சு வச்சு இறுகினதும் தேச்சு உருவம் கொண்டு வாங்க. சேக்கறது ஈஸி, பிடிக்கலைன்னா எடுத்துடலாம், எடுத்த மரத்தத் திருப்பி ஒட்டறதுதான் கஷ்டம்.

நாண் கோட்டக் குறிச்சு வைங்க

வில்லக் கழட்டறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலை, நெறைய பேர் மறந்துடுவாங்க. கிரிப்போட நம்ம பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் மாஸ்கிங் டேப் ஒரு பட்டை ஒட்டுங்க. நாண் ஏத்தின வில்ல நாற்காலி முதுகுல சாய்ச்சு வச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு பின்னாடி இருந்து பாருங்க, நாண் ரெண்டு லிம்ப்பையும் சரிபாதியா வெட்டற மாதிரி தலைய நகத்துங்க. இப்ப நாண் டேப் மேல எங்க விழுதோ அங்க மூணு நாலு புள்ளி வச்சு கோடு போட்டுக்கோங்க. நம்ம கை தள்ளற இடம் இந்தக் கோட்டு மேலதான் இருக்கணும். ஒரு பக்கமே சீவிக்கிட்டுப் போனா கை கோட்ட விட்டு நகந்துடும், அப்புறம் வலி போயிருக்கும், ஆனா வில்லு திரும்பற வியாதி புதுசா வந்திருக்கும்.

அப்படியே பிரேஸ் ஹைட்டையும் அளந்து எழுதி வைங்க, அதாவது கிரிப்போட ஆழமான இடத்துல இருந்து நாண் வரைக்கும் இருக்கற தூரம். இது ஏன்னு கடைசில சொல்றேன்.

கழட்டறது, மூடறது

ஸ்ட்ரிங்கர் (நாண் ஏத்தி எறக்க உதவற கயிறு) போட்டு நாண எறக்குங்க, கால நடுவுல விட்டு வளைக்காதீங்க, லிம்ப் முறுக்கிக்கும். எது மேல் லிம்ப், எது கீழ் லிம்ப்னு டேப்ல எழுதி ஒட்டிடுங்க. போல்ட், வாஷர் எல்லாம் ஒரு ஜிப் கவர்ல. அப்புறம் தொடக்கூடாத இடத்தயெல்லாம் டேப் போட்டு மூடணும்: லிம்ப் உக்கார்ற பள்ளம், அம்பு உக்கார்ற ஷெல்ஃப், அதுக்கு மேல கண்ணால பாக்கறதுக்கு வெட்டி விட்டிருக்கற ஜன்னல், பித்தளை மரை போட்ட ஓட்டை இருந்தா அதுவும். லிம்ப் பள்ளத்துல ஒரு சொட்டு வார்னிஷ் காஞ்சு நின்னாக்கூட லிம்ப் கோணலா உக்காரும், அதனால அங்க ரெண்டு அடுக்கு டேப்.

எங்க எவ்வளவு சீவலாம்னு கேப்பீங்க. வில்ல இழுக்கும்போது ரைசரும் கண்ணுக்குத் தெரியாம வளையத்தான் பாக்குது, நம்ம பக்கம் நசுங்கும், டார்கெட் பக்கம் இழுபடும். மரம் நசுங்கறதத் தாங்கிக்கும், இழுபடற பக்கம் ஒரு வெட்டு விழுந்தா அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். அதனால விரல் நுனி போற அந்த முன்பக்கத்த, முனைய மழுக்கறதோட நிறுத்திக்கோங்க. ரைசர்லயே ஒல்லியான இடம் பெரும்பாலும் ஷெல்ஃப்க்கு மேல ஜன்னல் பகுதிதான், அங்க அரமே போகக்கூடாது. கிரிப்போட ரெண்டு கன்னத்துலயும் 2, 3 மில்லிமீட்டர் எடுக்கலாம், அதுவே கைக்கு ஏகப்பட்ட வித்தியாசம் தெரியும். கியாரண்டி இருந்தா அது போச்சு, அதையும் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. போல்ட் ஓட்டையச் சுத்தி ஏற்கனவே கீறல் விட்டிருந்தா இந்த வேலையே வேணாம், அந்த ரைசருக்கு ஓய்வு குடுத்துடுங்க.

வேணுங்கற சாமான்

ஒரு பக்கம் தட்டை ஒரு பக்கம் வளைவுன்னு இருக்கற மர அரம் ஒண்ணு, அதே உருவத்துல பொடிப் பல்லு இரும்பு அரம் ஒண்ணு, ஒரு விரல் தடிமன்ல உருட்டு அரம். உப்புத்தாள் 80, 120, 180, 220, 320, 400 நம்பர்ல. துணி முதுகு எமரி ஒரு முழம். என்-95 மாஸ்க் கட்டாயம், இது பந்தாவுக்கு இல்ல, ரைசர்ல ரோஸ்வுட், படாக் மாதிரி மரம் ஒட்டியிருந்தா அந்தத் தூள் சிலருக்கு தோல் அரிப்பும் மூச்சு இழுப்பும் குடுக்கும். மெஷின் எதுவும் வாங்காதீங்க. கிரைண்டர்ல சாண்டிங் டிஸ்க் போட்டு வேலைய சீக்கிரம் முடிக்கலாம்னு தோணும், அதே வேகத்துல ரைசரும் முடிஞ்சுடும்.

ரைசர வைஸ்ல கடிக்க வைக்கும்போது பழைய சைக்கிள் டியூப் வெட்டி ரெண்டு பக்கமும் குடுங்க. வைஸ் இல்லாதவங்க மேசை ஓரத்துல துணி போட்டு ஜி-கிளாம்ப்ல பிடிச்சுக்கலாம், நான் அப்படித்தான்.

அரம் பிடிக்கறது

முதல்ல கல்யாணப் பத்திரிகை அட்டை ஒண்ணு எடுத்து, இப்ப இருக்கற கிரிப்போட வளைவு மாதிரி வெட்டி ஒட்டிப் பாத்து அளவு எடுத்து வச்சுக்கோங்க, பக்கவாட்டு வளைவு ஒண்ணு, குறுக்கு வளைவு ஒண்ணு. சீவச் சீவ எவ்வளவு போயிருக்குன்னு கண்ணு பொய் சொல்லும், அட்டை சொல்லாது. அதுலயும் பத்திரிகை அட்டைதான் வளையாம நிக்கும், வீட்ல எப்படியும் பத்து கிடக்கும்.

சீவவேண்டிய இடத்த பென்சில்ல சாய்கோடு போட்டு நிரப்புங்க. எங்க தெரு ஆசாரிகிட்ட அரம் இரவல் வாங்கப் போனப்ப அவர் சொன்னது: "முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்துங்க தம்பி, திரும்ப வரும்போது தூக்கிடுங்க. அதுக்கு அந்தப் பக்கம் பல்லு கிடையாது." ரெண்டு பக்கமும் தேய்க்கற ஆளுங்க (நான்) அரத்தோட பல்லையும் மழுக்கி, மரத்தையும் பிச்சு வைப்பாங்க. தள்ளறது மரத்து வரிக்கு குறுக்கா இல்லாம, சாய்வா, வரியோட போற மாதிரி. பட்டை பட்டையா ஒட்டி லேமினேட் பண்ணின ரைசர்ல வெளிர் மரமும் கருப்பு மரமும் ஒரே கெட்டியா இருக்காது, மிருதுவான பட்டை சீக்கிரம் பள்ளமாகும், கெட்டிப் பட்டை மேடா நிக்கும், அதனால அரம் எப்பவும் ரெண்டு மூணு பட்டைய சேத்து மூடற மாதிரி போகணும்.

பழைய பாலிஷ் முதல்ல பிளாஸ்டிக் மாதிரி சுருள் சுருளா வரும், அரத்துப் பல்ல அடைக்கும், பல்லு தேய்க்கற பழைய பிரஷ்ஷால தட்டிவிட்டுக்கோங்க. பெயிண்ட் ரிமூவர் ஊத்தாதீங்க, பட்டைய ஒட்டின பசையோட அது என்ன பண்ணும்னு யாருக்கும் உறுதி கிடையாது.

பென்சில் கோடு அழிஞ்சதும் நிறுத்துங்க. லிம்ப்ப மாட்டுங்க, நாண் ஏத்துங்க, இருபது அம்பு விடுங்க, பவுடர் போட்டுப் பாருங்க. மறுபடி கோடு, மறுபடி அரம். ஆமா, ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழட்டணும், சலிப்பா இருக்கும். ரைசர மட்டும் கையில பிடிச்சுப் பாத்து "ஆஹா சூப்பர்"னு தோணறத நம்பாதீங்க, பாரமே இல்லாம பிடிச்சா எல்லாமே சூப்பராத்தான் இருக்கும், வில்லோட 35 பவுண்டு இழுவை கைய அமுக்கும்போதுதான் எங்க முட்டுதுன்னு தெரியும்.

இப்ப என் கதை. முதல் நாள் கன்னத்துத் திட்டு எடுத்ததும் கைக்கு அவ்வளவு சுகமா இருந்துச்சு, அந்த சந்தோஷத்துல லிம்ப் மாட்டாமலேயே அடுத்தது ஆள்காட்டி விரல் போற இடம், ஷெல்ஃப்க்குக் கீழ, உருட்டு அரத்த வச்சு ஒரு பள்ளம் எடுத்தேன். விரல் உக்கார ஒரு சோபா மாதிரி இருக்கும்னு நெனப்பு. மாட்டி இழுத்தா விரல் அந்தப் பள்ளத்துல போய் விழுந்து கையையே இழுத்துக்கிட்டுப் போகுது, கை ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளம் சொல்ற இடத்துலதான் உக்காருது, அது நாண் கோட்டுல இருந்து நல்லா வெளிய. ஒரே சாயங்காலத்துல 5 மில்லிமீட்டர். மூணு வாரம் அந்த வில்லத் தொடவே மனசு வரல.

சரி பண்ணினது இப்படி: சீவின தூள நல்லவேளை ஒரு டப்பாலதான் தட்டியிருந்தேன். அத டீ வடிகட்டில சலிச்சு, மெதுவா காயற அரால்டைட்ல கெட்டியா குழைச்சு, பள்ளத்த 80 நம்பர் தாள்ல சொரசொரப்பாக்கி, தின்னர்ல தொடச்சுட்டு அப்பினேன். ரெண்டு நாள் காயவிட்டு மறுபடி சீவினேன். கெட்டியா நிக்குது, ஆனா பசை கலந்ததால நிறம் கருப்படிச்சு ஒரு மச்சம் மாதிரி தெரியும். பாக்கறவங்க "டிசைனா?"ன்னு கேப்பாங்க, ஆமான்னுடுவேன். தூளக் குப்பைல கொட்டாதீங்க.

நம்ம பக்கம் இருக்கற முகத்த ரொம்ப உருண்டையா பண்ணிடாதீங்க, இது புதுசா செய்யறவங்க எல்லாரும் பண்றது. உருண்டை கையில உருளும். கை தள்ளற அந்தப் பட்டை கொஞ்சம் தட்டையா, ரெண்டு ஓரமும் மட்டும் மழுங்கலா இருந்தா வில்லு தானா நேரா உக்காரும். மண்வெட்டிக் காம்பு மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட வேணாம்.

உப்புத்தாள்

பொடி அரத்தால பெரிய அரத்துக் கீறலெல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் 80. வளைவுக்குள்ள வெறும் விரல்ல தாள் வச்சுத் தேய்ச்சா மிருதுவான பட்டைல குழி விழும், அரை இன்ச் பிவிசி பைப் துண்டுல தாளச் சுத்திக்கோங்க. கிரிப்போட கழுத்து மாதிரி இடத்துக்கு எமரித் துணிய ரெண்டு விரல் அகலத்துல கிழிச்சு, மத்துக் கயிறு இழுத்து மோர் கடையற மாதிரி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுங்க, அழகா உருண்டு வரும். ஆனா இது வரிக்குக் குறுக்கா கீறல் போடும், அதனால 120க்கு அப்புறம் வரியோட நேரா கைத்தேய்ப்புதான். 120, 180, 220. ஒவ்வொரு நம்பரும் அதுக்கு முந்தின நம்பரோட கீறல் முழுசா போனதும்தான் மாத்தணும், சாய்வா டார்ச் அடிச்சுப் பாருங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல எல்லாமே வழுவழுன்னுதான் தெரியும்.

220 முடிஞ்சதும் ஈரத்துணியால ஒரு தடவை தொடைங்க. மரத்து நாரெல்லாம் ரெண்டு நாள் தாடி மாதிரி எழும்பி நிக்கும். காஞ்சதும் 320ல லேசா தடவி எடுங்க. இத இப்பவே பண்ணலைன்னா பின்னாடி கை வியர்வை பட்டு நார் எழும்பும், பாலிஷோட சேந்து.

பழைய பாலிஷும் புது மரமும் சேர்ற எல்லைல, பழைய பாலிஷ் ஓரத்த 320ல நகத்துக்குக்கூட தட்டுப்படாத சாய்வா தேய்ச்சு விடுங்க. எல்லை எங்க வரணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, மரப்பட்டை மாறற கோட்டுல வந்தா கண்ணுக்கே தெரியாது. நடுவுல வந்தா ஒட்டுப் போட்ட சட்டைதான்.

பாலிஷ்

என் கட்சி எண்ணெய்க் கட்சி. டேனிஷ் ஆயில், டங் ஆயில், துப்பாக்கிக் கட்டைக்குப் போடற ட்ரூ-ஆயில், எது கிடைச்சாலும் சரி. மெலமைன் ஸ்ப்ரே பளபளன்னு இருக்கும், கதவுக்கு நல்லா இருக்கும், வியர்த்த கைக்கு வழுக்கும். பாலியூரித்தேன் போடறதுன்னா மேட் வாங்கி, தின்னர் கலந்து துணியால மெல்லிசா தடவுங்க. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவலாமான்னு கேக்கறவங்களுக்கு: கூடாது. தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுன்னு பாதில நிக்கும், ரெண்டும் சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காயும், ஆனா பச்சையா வாங்கினா வாரக்கணக்குல ஆகும், காய வைக்கற மருந்து சேத்த 'பாயில்ட்' வகைதான் வேணும்.

ரோஸ்வுட் மாதிரி மரத்துலயே எண்ணெய் இருக்கும், அது மேல போடற எண்ணெய காய விடாது. பூசறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அசிட்டோன்ல தொடச்சுட்டு, அது ஆவியானதும் பூசுங்க. கருப்பு ஃபைபர் பட்டை இருந்தா அது எண்ணெயக் குடிக்காது, அது மேல நிக்கறத முழுசா தொடச்சுடணும்.

பூசற முறை: பழைய பனியன் துணில கொஞ்சம் தொட்டுத் தேய்ங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு, மேல நிக்கற மிச்சத்த காஞ்ச துணியால அழுத்தித் தொடைங்க. ஒரு நாள் காயட்டும். நாலஞ்சு கோட்டு, நடுவுல 400 தாள்ல லேசா ஒரு தடவல். தடியா ஒரே கோட்டுல முடிக்கலாம்னு நான் ஒரு தடவை ஐப்பசி மழைல பூசி வச்சேன், மூணாம் நாள் நல்லா காஞ்சிருக்கும்னு எடுத்தா என் விரல் ரேகை அஞ்சும் அச்சா பதிஞ்சு போச்சு, ஆதார் எடுத்த மாதிரி. மறுபடி 220ல இருந்து. மழைக்காலத்துல ஒரு நாளுக்கு பதிலா ரெண்டு மூணு நாள் விடுங்க, மோந்து பாத்தா வாசனை அடங்கியிருக்கணும்.

எண்ணெய்த் துணிய கசக்கி மூலைல போடாதீங்க. ஆளி விதை எண்ணெய், டேனிஷ் ஆயில் எல்லாம் காயும்போது சூடு விடும், துணி குவியலா இருந்தா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். கொடில ஒத்தையா விரிச்சுக் காயவிட்டு, மொறமொறன்னு ஆனதும் தூக்கிப் போடுங்க. இல்ல தண்ணி ஊத்தின டப்பால அமுக்குங்க.

மறுபடி மாட்டறது

கடைசி கோட்டுக்கு அப்புறம் ஒரு வாரமாவது விடுங்க, பத்து நாள்னா நல்லது. டேப்பெல்லாம் உரிச்சு, லிம்ப் பள்ளத்துல எதுவும் சொட்டியிருக்கான்னு நகத்தால தடவிப் பாத்துட்டு லிம்ப்ப மாட்டுங்க. முதல் தடவை நாண் ஏத்தினதும் பாதி வரைக்கும் நாலஞ்சு தடவை இழுத்து மெதுவா இறக்குங்க, காத வச்சுக் கேளுங்க, 'டிக்'னு ஏதாவது சத்தம் வந்தா அப்பவே நாண எறக்கிட்டு டார்ச் அடிச்சு விரிசல் தேடணும்.

இப்ப பிரேஸ் ஹைட்ட அளங்க. நம்ம பக்கத்து முகத்துல 3 மில்லிமீட்டர் சீவியிருந்தா அளவு 3 மில்லிமீட்டர் கூடிக் காட்டும். உடனே நாண முறுக்கு எறக்கி பழைய அளவுக்குக் கொண்டு வராதீங்க, நாண் இருந்த இடத்துலயேதான் இருக்கு, அளக்க ஆரம்பிக்கற இடம்தான் முன்னாடி போயிருக்கு. புது எண்ண எழுதி வச்சுக்கோங்க, இனி அதுதான் உங்க கணக்கு. அதே 3 மில்லிமீட்டரால நீங்க இழுக்கற தூரமும் அவ்வளவு குறையும், இந்த மாதிரி வில்லுல கடைசி இன்ச்சுக்கு சுமார் 2, 2.5 பவுண்டுதான் ஏறுது, அதனால கால் பவுண்டு பக்கம் குறையும். கைக்குத் தெரியாது. கை தள்ளற இடம் மேலயோ கீழயோ மாறியிருந்தா நாக்கிங் பாயிண்ட்ட (நாண்ல அம்பு மாட்டற இடம்) மட்டும் ஒரு தடவை சரி பாருங்க, அம்பு வால் ஷெல்ஃப்ல தட்டுதான்னு தெரிஞ்சுடும்.

பேர்போ (குறிபார்க்கற கருவி இல்லாத வில்லு) போட்டிக்குப் போற எண்ணம் இருக்கறவங்களுக்கு ஒரு தகவல், நாண் எறக்கின வில்லு 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள்ள நுழையணும்னு உலக வில்வித்தை சம்மேளன விதி இருக்கு. சீவினா பிரச்சனை இல்ல, எம்-சீல்ல தாராளமா அப்பினவங்க அளந்துக்கோங்க.

முதல் நூறு அம்பு விட்டதும் மறுபடி பவுடர் போட்டுப் பாருங்க. என்னோடதுல அந்த ஒரு ரூபா திட்டு போயி, இப்ப கட்டைவிரல் வளைவுல இருந்து கீழ ரெண்டு இன்ச் நீளத்துக்கு வெள்ளை சீரா பதியுது, நாண் கோட்டுல இருந்து ஒரு நூல் இடது பக்கம். அந்த ஒரு நூலுக்காக மறுபடி அரத்த எடுக்கலாமான்னு நாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன், இன்னும் எடுக்கல. அரம் ஆசாரிகிட்டயே திரும்பப் போயிடுச்சு.